ஃபோர்டு ஜிடி40 மார்க் 1 பிரதி: எதை முதலில் வாங்குவது?

#1 நெம்புகோல்

ஜிடி40 மார்க் 1 பிரதி ஒன்றுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். 1968, 1969 இரண்டு வருடமும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த, கல்ஃப் எண்ணெய் நிறுவன நிறக் கார், சேசிஸ் எண் பி/1075, அந்த அகலமான பின்பக்க வடிவம்தான் குறி. சேசிஸ் சதுரக் குழாயில் ஸ்பேஸ்ஃபிரேம் (குழாய்களைப் பின்னிய சட்டகம்). பாடி ஃபைபர்கிளாஸ். எஞ்சின் ஃபோர்டு 302 வி8 (302 கன அங்குலம்), மேலே நான்கு வெபர் 48 ஐடிஏ கார்புரேட்டர். 400 குதிரைத்திறன் வந்தால் போதும். அதிகம் சாலையில்தான் ஓடும், அவ்வப்போது டிராக்கில்.

எஞ்சினை முதலில் வாங்கிக் கட்டி வைத்துவிடலாமா? 302-ஐ 347 கன அங்குலம் ஆக்குவதில் லாபம் உண்டா? கியர்பாக்ஸ் எது? எதையெல்லாம் சேசிஸ் வெல்டு ஆகும் முன்பே தீர்மானிக்க வேண்டும்?

#2 அச்சாணி

எஞ்சின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். இந்தக் காரில் முதலில் முடிவாக வேண்டியது கியர்பாக்ஸ்தான். மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

காரணம் எளிது. வீல்பேஸ் 95 அங்குலம், அதாவது 2413 மி.மீ. அதை நகர்த்தினால் பாடி உட்காராது. ஆக, பின் ஆக்சிலின் மையம் நிலையான புள்ளி. பெல்ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் கிளட்ச் கூடு) முகத்திலிருந்து அந்த மையம் வரை உள்ள தூரம் ஒவ்வொரு கியர்பாக்ஸிலும் வேறு. எஞ்சின் எவ்வளவு முன்னே வரும், கிராங்க் புல்லிக்கும் சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டுக்கும் நடுவில் எத்தனை மி.மீ. மிஞ்சும், எஞ்சின் மவுண்ட் எந்தக் குழாயில் வரும், எக்ஸாஸ்ட் எந்த வளைவில் இறங்கும் என்பதெல்லாம் அந்த ஒரு அளவிலிருந்து வருகிறது. எஞ்சினை முதலில் வாங்கி மவுண்டை வெல்டு செய்துவிட்டால் பிறகு கிரைண்டர்தான் பேசும்.

கிடைக்கக்கூடியவை:

இசட்எஃப் 5டிஎஸ்-25. அசல் காரில் இருந்தது, டி டொமாசோ பாண்டேராவிலும் இதே குடும்பம். வடிவம் சரி, பலம் சரி. விலைதான் எட்டாத உயரம்.

ஆடி 01ஈ. ஆறு கியர். ஆடி கார்களில் எஞ்சின் முன்னால், கியர்பெட்டி பின்னால் நீளவாக்கில் இருக்கிறது. நம் காரிலும் அதே வரிசை. ஆகையால் சுழற்சித் திசையில் தலைவலி இல்லை.

போர்ஷ் ஜி50. பலமான பெட்டி. ஆனால் 911-இல் எஞ்சின் ஆக்சிலுக்குப் பின்னால். அப்படியே திருப்பிப் போட்டால் முன்னால் போக ஒரே கியர், பின்னால் போக ஐந்து. இதைத் தலைகீழாக நிறுத்திப் பொருத்துவார்கள். பழைய 930 (911 டர்போ) பெட்டி என்றால் கிரவுன் வீலை (ஆக்சிலைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) எதிர்ப்பக்கம் மாற்றிப் போடலாம்.

ரெனோ யுஎன்1. மலிவு, லேசு. 302-இன் டார்க்குக்கு முன்னால் இது கடைசி எல்லையில் நிற்கிறது. ஒட்டும் டயரைப் போட்டு டிராக்கில் ஓட்டினால் தாங்காது. உங்கள் பட்டியலில் இது வேண்டாம்.

#3 நெம்புகோல்

ஜி50 ஒன்று கைக்கு எட்டும் போலிருக்கிறது. தலைகீழாகப் போட்டால் பல்லின் தவறான முகத்தில் லோடு விழாதா? எண்ணெய் எப்படி நிற்கும்?

#4 அச்சாணி

விழாது. பிளைவீல் பக்கம் நின்று பார்த்தால் எஞ்சின் சுழலும் திசை இரண்டு காரிலும் ஒன்றுதான், எனவே பினியன் (கிரவுன் வீலைச் சுழற்றும் சிறு பல்சக்கரம்) சுழலும் திசையும் மாறுவதில்லை. பெட்டியை முன்பின்னாகத் திருப்பும்போது மாறுவது வீல் சுழலும் திசை மட்டும். தலைகீழாக்கும்போது கிரவுன் வீல் எதிர்ப்பக்கம் வந்து அந்தத் திசை சரியாகிவிடுகிறது. டிரைவ் முகம் அதே முகம்.

எண்ணெய்க்குத்தான் வேலை இருக்கிறது. பிரீதர் (காற்றுப் போக்கி) இப்போது கீழே போய்விடும், அதை அடைத்துவிட்டுப் புதிய மேல்பகுதியில் ஒன்று போட வேண்டும். நிரப்பும் துளை, வடிக்கும் துளை இரண்டும் இடம் மாறும். பழைய லெவல் பிளக்கை நம்பி எண்ணெய் ஊற்றக் கூடாது. கேஸ் திறந்திருக்கும்போதே கிரவுன் வீல் எவ்வளவு நனைகிறது என்று பார்த்து, புது லெவலுக்கு ஒரு அடையாளம் போட்டு, அதன்படி துளை போடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரும் பக்கம் மாறும். அது எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் வந்தால் வெப்பத் தகடு கட்டாயம்.

இன்னொன்றை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடாப்டர் தகடு போட்டதும் கிராங்க் மையமும் இன்புட் ஷாஃப்ட் மையமும் ஒன்றாக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். கேஜை பிளைவீலில் கட்டி, பெல்ஹவுசிங்கின் மையத் துளையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று. மொத்த வாசிப்பு 0.13 மி.மீ.க்குள் வர வேண்டும். தாண்டினால் எஞ்சின் பிளாக்கின் டவல் பின்னை (இடத்தைப் பிடிக்கும் ஆணி) கழற்றி, மையம் விலகிய ஆஃப்செட் பின் போட்டுத் திருத்துங்கள். இதைச் செய்யாத கார்களில் பைலட் பேரிங் சத்தம் போடும், கிளட்ச் முழுவதும் விடாது, முதல் கியர் பல் கடித்துக்கொண்டே விழும். கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று கழற்றிப் பார்ப்பார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது.

#5 எட்டுச்சிலிண்டர்

எஞ்சின் கேள்விக்கு வருகிறேன்.

302-ஐ எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது அது எந்த வருட பிளாக், கிராங்க் முதலான சுழலும் பாகங்கள் எவை என்பது. 1981 வரை வந்த 302-க்கு வெளிப்புற பேலன்ஸ் 28 அவுன்ஸ்-அங்குலம். அதற்குப் பிறகு 5.0 (லிட்டர்) என்ற பெயரில் வந்த அதே 302-க்கு 50. பிளைவீலும் முன்பக்க டேம்பரும் (அதிர்வு அடக்கி) இரண்டுமே கிராங்கோடு பொருந்த வேண்டும். அடாப்டர் தகட்டோடு வரும் பிளைவீல் 28-க்கு, கிராங்க் 50-க்கு என்று கலந்து போட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் 3000 ஆர்.பி.எம்.முக்கு மேல் கார் முழுக்க நடுங்கும். மெயின் பேரிங் சீக்கிரம் போகும். புதிதாகக் கட்டுவதென்றால் உள்பேலன்ஸ் கிராங்க் வாங்கி பூஜ்ஜியப் பிளைவீல், பூஜ்ஜிய டேம்பர் போடுவது நிம்மதி.

அடுத்து பிளாக்கின் பலம். சாதாரண உற்பத்தி 5.0 பிளாக் 500 குதிரைத்திறனைத் தாண்டினால் லிஃப்டர் பள்ளத்தாக்கிலிருந்து மெயின் வெப் வழியாக நீளவாக்கில் பிளந்துபோவது தெரிந்த விஷயம். நீங்கள் கேட்பது 400. அங்கேயே நின்றுகொண்டால் உற்பத்தி பிளாக் போதும்.

347 என்பது 3.40 அங்குல ஸ்ட்ரோக், 4.030 போர். இந்த உயரம் குறைந்த பிளாக்கில் அவ்வளவு ஸ்ட்ரோக் வைத்தால் பிஸ்டன் பின் மேலேறி ஆயில் ரிங் பள்ளத்தை வெட்டுகிறது. பள்ளத்துக்கு அடியில் தாங்கு வளையம் போட்டுச் சமாளிக்கிறார்கள். நல்லவர்கள் கட்டினால் பிரச்சினை இல்லை என்பதும் உண்மை. ஆனால் 1,050 கிலோ எடையுள்ள காருக்கு 331 போதும்: 3.25 ஸ்ட்ரோக், நீளமான ராடு, பக்கவாட்டு அழுத்தம் குறைவு, சுற்றும் சுதந்திரமாக ஏறும். என் ஓட்டு 331-க்கு.

351 விண்ட்சரைப் பற்றி யாராவது சொல்வார்கள். வேண்டாம். டெக் உயரம் 9.5 அங்குலம், 302-க்கு 8.2. ஒவ்வொரு பக்க ஹெட்டும் மேலேயும் வெளியேயும் தள்ளிப்போகும். 302-க்கென்று வளைத்த எக்ஸாஸ்ட் பொருந்தாது, வெபர் போட்டால் பின்மூடி மூடாது.

சின்னப் பாகங்கள், பெரிய சேதம்: ரோலர் கேம்ஷாஃப்ட் எஃகில் செய்தது என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் எஃகாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு கியர் விரைவில் தேய்ந்து தூளாகி எண்ணெயில் கலக்கும். ஆயில் பம்ப் டிரைவ் தண்டும் கடினப்படுத்தியதாக வாங்குங்கள், தொழிற்சாலைத் தண்டு முறுக்கிக்கொள்ளும். ஆயில் உறிஞ்சு குழாய்க்கும் சம்ப் அடிக்கும் இடைவெளி 9 மி.மீ. அளவு. களிமண் உருண்டை வைத்து அழுத்திப் பார்த்து அளக்கலாம்.

சம்ப் ஆழம் குறைவாக, அகலமாக இருக்கும். தரை அனுமதி இல்லாததால் வேறு வழியில்லை. அதில் கதவுள்ள தடுப்புகள் இல்லையென்றால் நீண்ட வளைவில் எண்ணெய் ஓரமாக ஏறி, பம்ப் காற்றை உறிஞ்சும். டிராக்கில் ஓடப்போவதால் தடுப்புள்ள சம்ப்போடு ஒரு பிரஷர் சேமிப்புக் குடுவையும் சேருங்கள்.

#6 தீப்பொறி

வெபர் வேண்டுமா என்று யோசிங்க. அதே தோற்றத்துல எட்டு த்ராட்டில் பாடி வருது, உள்ளே இன்ஜெக்டர் ஒளிஞ்சிருக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆகும், மலை ஏறினாலும் கலவை சரியா இருக்கும், பிளக் கருக்காது. பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

#7 எட்டுச்சிலிண்டர்

தீப்பொறி சொல்வது சரி, ஆனால் இலவசம் இல்லை. இன்ஜெக்‌ஷனுக்கு 3 பாரைத் தாண்டிய எரிபொருள் அழுத்தம், சுழல் குடுவை (பெட்ரோலில் கலந்த காற்றைப் பிரிப்பது), திரும்பும் குழாய், இரண்டு பம்ப் எல்லாம் வேண்டும். எட்டு த்ராட்டில் கொண்ட எஞ்சினில் மேனிஃபோல்டு வெற்றிடம் துடித்துக்கொண்டே இருப்பதால் சாதாரண மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) கணக்கு ஐடிலில் தடுமாறும். எட்டு ரன்னரிலிருந்தும் சிறு குழாய் எடுத்து ஒரு பொதுக் குடுவையில் சேர்த்து அங்கே அளக்க வேண்டும். அல்லது த்ராட்டில் கோணத்தை அடிப்படையாக வைத்து எரிபொருள் அட்டவணை எழுத வேண்டும்.

வெபர் என்றால் பம்ப் அழுத்தம் 3 முதல் 3.5 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போனால் ஊசி வால்வு தாங்காமல் கார்ப் வழியும். அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரைக் கட்டாயம் போடுங்கள், கேஜையும் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். சோக் (கார்ப் உள்ளே காற்று போகும் ஒடுக்கம்) 37 மி.மீ., பெட்ரோலில் காற்றைக் கலக்கும் எமல்ஷன் குழாய் எஃப்7, இதுதான் தொடக்கம். மெயின் ஜெட்டையும் ஏர் ஜெட்டையும் வைட்பேண்டு சென்சார் (எக்ஸாஸ்டில் கலவையை அளப்பது) வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அடுத்தவர் எஞ்சினின் எண்களைக் கடன் வாங்கினால் சரிவராது. சாலையில் நீங்கள் பெரும்பாலும் ஐடில் ஜெட்டிலும் அதற்கடுத்த துளைகளிலும்தான் ஓடுவீர்கள். 2500-இல் திக்கினால் மெயின் ஜெட்டைத் தொடாமல் ஐடில் ஜெட்டை ஒரு படி ஏற்றிப் பாருங்கள்.

நான்கையும் சமன் செய்வது எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது மட்டும். அலுமினிய மேனிஃபோல்டு சூட்டில் விரிகிறது, இணைப்புக் கம்பியின் நீளம் அப்படியே இருக்கிறது. குளிரில் சமன் செய்தது சூட்டில் கோணலாகிவிடும்.

இக்னிஷன்: மெக்கானிக்கல் அட்வான்ஸ் மட்டும். ஐடிலில் 12 முதல் 14 டிகிரி, 3000-க்குள் மொத்தம் 34 முதல் 36. வெற்றிட அட்வான்ஸ் இணைக்க நம்பகமான இடமே இந்த மேனிஃபோல்டில் கிடையாது. இதே காரணத்தால் பிரேக் பூஸ்டரும் கிடையாது. தனித்தனி இரண்டு மாஸ்டர் சிலிண்டர், நடுவில் பேலன்ஸ் பார், மிதிக்கு 5-க்கு 1 அல்லது 6-க்கு 1 நெம்பு விகிதம் என்று திட்டமிடுங்கள். முன் வீல்தான் முதலில் லாக் ஆக வேண்டும். ஈரத் தரையிலும் சோதித்து உறுதிப்படுத்துங்கள்.

#8 நெம்புகோல்

331, வெபர், ஜி50. எழுதிவிட்டேன். எக்ஸாஸ்ட் அந்தப் பாம்புக் கூட்டம் போலப் பின்னிய குழாய்தான் வேண்டும். 302-க்கும் 351 வரிசைக்கும் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) வேறு என்கிறார்களே, குழாய் சேரும் முறையும் மாறுமா?

#9 எட்டுச்சிலிண்டர்

மாறாது. இந்தச் சந்தேகத்தில் நல்ல குழாயைக் கழித்துக்கட்டியவர்கள் உண்டு, கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

பழைய 302: 1-5-4-2-6-3-7-8. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் 1, 4, 6, 7 ஒரு கூட்டம். 5, 2, 3, 8 மற்றொன்று.

351 மற்றும் பிந்தைய 5.0: 1-3-7-2-6-5-4-8. ஒன்றுவிட்டு ஒன்று: 1, 7, 6, 4. பிறகு 3, 2, 5, 8.

அதே இரண்டு கூட்டம், உள்வரிசை மட்டும் வேறு. ஃபோர்டில் வலது வரிசை 1 முதல் 4, இடது வரிசை 5 முதல் 8. ஆக ஒவ்வொரு கலெக்டருக்கும் (நான்கு குழாய் சேரும் இடம்) இரண்டு குழாய் வலமிருந்து, இரண்டு இடமிருந்து. நான்கு குழாய் குறுக்கே தாண்டும். 180 டிகிரிக்கு ஒருமுறை சீரான துடிப்பு ஒவ்வொரு கலெக்டருக்கும் வருகிறது. அந்தக் கார்களின் ஓசை சாதாரண வி8 உறுமலாக இல்லாமல் ஒரே சீராக ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

செய்யும்போது மூன்று விஷயம். ஹெட், கேஸ்கெட், ஃபிளாஞ்ச் மூன்றும் போல்ட்டில் இறுக்கப்பட்ட நிலையில் மட்டும் டேக் (சிறு புள்ளி வெல்டு) அடியுங்கள், முழு வெல்டும் அப்படியே. இல்லையென்றால் ஃபிளாஞ்ச் வளைந்து கேஸ்கெட் ஊதும். உள்ளே ஓடும் குழாயை முதலில் போட்டு வெளியே வாருங்கள். குறுக்கே தாண்டும் நான்கு குழாயிலும் ஸ்லிப் ஜாயின்ட் வையுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் காரில் இருக்கும்போது எதையும் கழற்ற முடியாது.

விரிவும் இருக்கிறது. 600 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் மைல்டு ஸ்டீல் குழாய் 7 மி.மீ.க்கு மேல் நீளும். 304 ஸ்டெயின்லெஸ் 10 மி.மீ.க்கு மேல். இரண்டு முனையும் இறுகப் பிடிக்கப்பட்டால் அந்த நீளம் எங்கே போகும்? வெல்டின் ஓரத்தைப் பிளக்கும். சைலன்சரை கியர்பாக்ஸிலிருந்தே தொங்கவிடுங்கள். சேசிஸிலிருந்து தொங்கவிட்டால் எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் ஆட்டமெல்லாம் குழாயில் ஏறும்.

#10 காற்றுத்தொட்டி

கூலிங்கைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. சேசிஸ் வெல்டு ஆகும் முன் இதைப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் குழாய் போகும் பாதையைப் பிறகு உருவாக்க முடியாது.

ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் பின்னால். போக ஒன்று, வர ஒன்று, 35 மி.மீ. அளவு குழாய் இரண்டு. அலுமினியமோ ஸ்டெயின்லெஸ்ஸோ எடுங்கள், ஹோஸ் வரும் முனைகளில் சுற்றிலும் சிறு மேடு உருட்டுங்கள், இல்லையென்றால் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் நழுவும். குழாய்க்கு வெப்பக் காப்பு சுற்றாவிட்டால் கேபின் அடுப்பாகும்.

இந்த அமைப்பில் சூடேறுவதாக வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேடியேட்டரின் அளவு காரணமே இல்லை. உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுதான் காரணம். ரேடியேட்டரின் மேல் மூலையிலிருந்து 6 மி.மீ. குழாய் ஒன்று, எஞ்சின் மேனிஃபோல்டின் உச்சியிலிருந்து இன்னொன்று, இரண்டும் எஞ்சின் அறையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்த ஹெடர் டேங்கில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். டேங்கின் அடியிலிருந்து 19 மி.மீ. குழாய் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு. மூடி 1 பார். குழாய்கள் நடுவில் எங்கும் மேடு ஏறி இறங்கக் கூடாது, ஏறினால் அந்த மேட்டில் காற்றை வெளியேற்ற ஒரு பிளீட் திருகு வேண்டும். நிரப்பும்போது மூக்கை ஜாக்கில் தூக்காதீர்கள். காற்று போக வேண்டியது பின்னால் இருக்கும் டேங்குக்கு என்றாலும், தூக்கினால் ரேடியேட்டரின் மேல் மூலை உச்சியாகி அங்கேயே தங்கும். தரை சமமாக இருக்கட்டும், பிளீட் குழாய் வேலையைச் செய்யும்.

தெர்மோஸ்டாட்டில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். ஃபோர்டு வி8-இல் பம்புக்குத் திரும்பும் பைபாஸ் ஹோஸை இடம் போதவில்லை என்று அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை தண்ணீர் சுற்றாது, ஹெட்டில் ஓரிடம் மட்டும் கொதிக்கும். அடைக்காதீர்கள்.

காற்று விஷயம்: ரேடியேட்டர் வழியாகக் காற்று போகக் காரணம் வேண்டும். மூக்கிலிருந்து ரேடியேட்டர் வரையும், ரேடியேட்டரிலிருந்து மேல் மூடியின் இரண்டு துவாரம் வரையும் தகடு வைத்து ஓரங்களை ரப்பரால் அடைத்து மூடுங்கள். விரல் அளவு இடைவெளி விட்டால் காற்று சுளுவான அந்த வழியில் போய்விடும். போனதும் சும்மா போகாது, வீல் அறையில் அழுத்தத்தை ஏற்றி மூக்கைத் தூக்கும்.

#11 தீப்பொறி

பின் ஸ்பாய்லர் வேணுமா? சில பிரதிகள்ல அது இல்லாம வழவழன்னு முடியுது, பார்க்க அழகு.

#12 காற்றுத்தொட்டி

வேண்டும். 1964 ஏப்ரல் லெ மான் சோதனை ஓட்டத்தில் வந்த இரண்டு கார்களும், ஷ்லெஸர் ஓட்டியதும் சால்வடோரி ஓட்டியதும், மோதிச் சேதமாயின. அதிவேகத்தில் பின்பக்கம் நிலைகொள்ளவில்லை. பிறகு வாலில் மேல்நோக்கிய உதடு சேர்த்ததும் கார் அடங்கியது. அதே பாடி வடிவத்தைத்தான் நீங்களும் ஓட்டப்போகிறீர்கள். சேசிஸ் தாழ்வாக, மூக்கு 10 முதல் 15 மி.மீ. இறங்கி நிற்கட்டும். நிறுத்தி வைக்கும்போது அழகாக இருக்கிறது என்று மூக்கை உயர்த்திவிடாதீர்கள்.

#13 நான்குசக்கரம்

சேசிஸ் பற்றிச் சுருக்கமாக. சமதள மேசை, ஜிக், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வெல்டு. சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகள் கடைசியில், எல்லாம் குளிர்ந்து மூலைவிட்டம் சரிபார்த்த பிறகு, நீளமான ஒரே கம்பியை இரண்டு பக்கத் துளையிலும் செருகி வைத்து. மூலைவிட்டத்தில் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

பாடி போடும் முன் முறுக்குச் சோதனையைச் செய்துவிடுங்கள். பின் சஸ்பென்ஷன் இடங்களை அசையாமல் பிடித்து, முன்பக்கத்தை நடுவில் ஒரே முனையில் தாங்கி, குறுக்கே கட்டிய கம்பத்தில் மையத்திலிருந்து 1 மீட்டரில் 100 கிலோ. அது 981 நியூட்டன் மீட்டர். மையத்திலிருந்து 500 மி.மீ. தள்ளி வைத்த டயல் கேஜ் 1 மி.மீ. காட்டினால் கோணம் 0.115 டிகிரி, விறைப்பு டிகிரிக்கு 8,500-க்குக் கொஞ்சம் மேல். இந்தக் காருக்கு நல்ல எண். 2 மி.மீ. காட்டினால் பாதியாகிவிட்டது. குழாயைத் தடிமனாக்கத் தேவையில்லை, பக்கச் சட்டத்திலும் தடுப்புச் சுவரிலும் அலுமினியத் தகட்டைப் பசையும் ரிவெட்டும் சேர்த்து ஒட்டுங்கள். பசை இல்லாமல் ரிவெட் மட்டும் அடித்தால் சீக்கிரம் துளை தளர்ந்துவிடும்.

டயர்: 15 அங்குலத்தில் முன்னால் 245/60, பின்னால் 295/50 பலரும் போடுவது. பின் டயரின் விட்டம் 676 மி.மீ., சுற்றளவு 2.12 மீட்டர். கியர் விகிதத்தை இதை வைத்துப் பாருங்கள். பாண்டேராவின் இசட்எஃப் போல மேல் கியர் 0.705, ஃபைனல் 4.22 என்றால் 6000-இல் 257 கி.மீ. வேகம், 100-இல் ஓடும்போது 2330 ஆர்.பி.எம். உங்கள் ஜி50-இன் எண்களை இதே கணக்கில் போட்டுவிட்டு வாங்குங்கள்.

ஸ்பிரிங்: கணக்கில் பலர் கோட்டைவிடும் இடம் மோஷன் விகிதம் (வீல் நகர்வுக்கு ஸ்பிரிங் நகர்வு எவ்வளவு என்பது). அது வர்க்கமாக வரும். 60 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங், விகிதம் 0.65 என்றால் வீலில் கிடைப்பது 60 × 0.4225, அதாவது 25. அந்த மூலையில் ஸ்பிரிங்குக்கு மேல் 200 கிலோ என்றால் அதிர்வெண் 1.8 ஹெர்ட்ஸ். சாலையும் டிராக்கும் கலந்த காருக்கு இது ஏற்ற இடம். ஷாக் அப்சார்பர் சாய்ந்திருந்தால் அந்தக் கோணத்தின் கோசைனையும் விகிதத்தில் சேருங்கள்.

அலைன்மென்ட் தொடக்கத்துக்கு: முன் கேம்பர் (வீலின் பக்கச் சாய்வு) கழித்தல் 1 டிகிரி, கேஸ்டர் (திரும்பும் அச்சின் பின்சாய்வு) 5 முதல் 6, பின்பக்கம் ஒவ்வொரு வீலுக்கும் 1.5 மி.மீ. டோ-இன் (வீலின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருப்பது). பின்னால் டோ-அவுட் எந்தக் காலத்திலும் வேண்டாம். பம்ப் ஸ்டியரை (வீல் ஏறி இறங்கும்போது தானே திரும்புவது) ஸ்பிரிங் கழற்றிவிட்டு அளவிடுங்கள், 25 மி.மீ. ஏற்றத்துக்கு டோ மாற்றம் அரை மி.மீ.க்குள். அதிகமென்றால் ஸ்டியரிங் ராக்கின் உயரத்தை ஷிம் வைத்து மாற்றுங்கள். டயர் அழுத்தம் 22 முதல் 25 பி.எஸ்.ஐ. கனமான காருக்கு எழுதிய 32-ஐ இதில் போட்டால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும்.

சிவி ஜாயின்ட்டுக்கு (வீலுக்குப் போகும் தண்டின் மூட்டு) ஒரு வரி: சஸ்பென்ஷனை முழுக்க மேலே, முழுக்க கீழே நகர்த்தி, இரண்டு கோடியிலும் தண்டு 3 மி.மீ. விளையாடுகிறதா பாருங்கள். முட்டினால் கியர்பாக்ஸ் பக்க பேரிங்தான் அடி வாங்கும்.

#14 நெம்புகோல்

எரிபொருள் டேங்க் இரண்டு பக்கச் சட்டத்திலும் அசல் போலவே வைக்கலாமா? ஒரே டேங்க் முன்னால் வைக்கச் சிலர் சொல்கிறார்கள்.

#15 அச்சாணி

முன்னால் வேண்டாம், ரேடியேட்டருக்கும் காலுக்கும் நடுவில் பெட்ரோலை வைக்காதீர்கள். பக்கச் சட்டம்தான் சரி, எடை தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும். அசல் காரில் இரண்டும் சேர்ந்து 140 லிட்டர். ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியானால் 70 லிட்டர், அதாவது 52 கிலோ ஒரே பக்கம் தொங்கும். மூலை எடை பார்க்கும்போது இரண்டிலும் பாதி ஊற்றி, ஓட்டுநர் சீட்டில் அவர் எடையை வைத்துப் பாருங்கள்.

டேங்க் மாற்றும் வால்வு எரிபொருள் போவதையும் திரும்புவதையும் சேர்த்து மாற்றுவதாக இருக்க வேண்டும், ஆறு வாய் கொண்டது. போவதை மட்டும் மாற்றினால் இடது டேங்கிலிருந்து எடுத்து வலது டேங்குக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும், வலது பக்கம் வழியும். வெபருக்கு திரும்பும் குழாய் இல்லையென்றால் இந்தத் தொல்லை பாதி குறையும். என்றாலும் ரெகுலேட்டர் திரும்பும் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஃபோம் போட்டால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள். ஏற்காதது உதிர்ந்து பொடியாகி ஃபில்டரை அடைக்கும், எஞ்சின் அதிவேகத்தில் மட்டும் மூச்சுத் திணறும்.

#16 ஃபைபர்கூடு

பாடி கடைசியில் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள், கடைசி நூறு மணி நேரம் அங்கேதான் போகும்.

கார் தன் வீல்களில், எஞ்சின் கியர்பாக்ஸ் எல்லாம் ஏறிய எடையோடு நிற்கும்போது மட்டும் பாடியை இறுதியாகப் பொருத்துங்கள். ஸ்டாண்டில் நிறுத்திச் சரிசெய்த கதவு தரையில் இறக்கியதும் மூலையில் உரசும். முதலில் முன் கண்ணாடி. கண்ணாடி வளையாது, ஃபைபர் வளையும், ஆகவே கூரைச் சட்டம் கண்ணாடிக்கு ஒத்துவர வேண்டும். பிறகு கதவு, அதன்பின் முன் மூடி, பின் மூடி.

கதவு கூரைக்குள் வெட்டி ஏறுவதால் அங்கே தண்ணீர் புகும். ரப்பர் சீலை ஒட்டிய பிறகு இடைவெளியைச் சரிசெய்யுங்கள். சீல் கதவை 2, 3 மி.மீ. வெளியே தள்ளும், பெயின்ட் அடித்தபின் அது தெரிந்தால் எல்லாம் முதலிலிருந்து. இடைவெளி 4 முதல் 5 மி.மீ. போதும். அதைவிடக் குறைத்தால் வெயிலில் விரிந்து பெயின்ட் உதிரும்.

புதிதாக அச்சிலிருந்து எடுத்த பாடிக்கு உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். ரெசின் முழுக்க இறுகச் சில வாரம் வெயிலிலோ சூடான அறையிலோ கிடக்கட்டும், ஜிக்கில் தாங்கிய நிலையில். இல்லையென்றால் அடித்த பெயின்ட்டின் அடியில் கண்ணாடி இழையின் நெசவு மெல்ல எழுந்து தெரியும். பின் மூடியின் உள்பக்கம், எக்ஸாஸ்ட் கலெக்டருக்கு நேர் மேலே, அலுமினியம் ஒட்டிய வெப்பத் தகடு 10 மி.மீ. காற்று இடைவெளி விட்டு. நேரடியாக ஒட்டினால் சூடு அப்படியே கடந்துபோகும்.

உங்கள் உயரம் என்ன? கார் உயரமே 40 அங்குலம், பெயரே அதிலிருந்து வந்தது. பந்தய ஓட்டுநர் டான் கர்னி 6 அடி 4 அங்குலம், அவருக்காகக் கூரையில் ஒரு குமிழ் எழுப்பினார்கள். ஹெல்மெட்டோடு உட்கார்ந்து அளந்துவிட்டு, சீட்டின் அடித்தளத்தை சேசிஸ் தரையோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். பின்னால் தரையை இறக்க முடியாது.

#17 நெம்புகோல்

5 அடி 11. ஹெல்மெட் போட்டால் இடிக்கும் போலிருக்கிறது.

#18 ஃபைபர்கூடு

இடிக்கும், சீட்டை வழக்கமான ஸ்லைடரில் வைத்தால். ஸ்லைடரை எடுத்துவிட்டு, சீட் கூட்டைத் தரையில் நேரடியாக போல்ட் செய்து, மிதியை முன்பின் நகரும்படி செய்யுங்கள். அதில் 40 மி.மீ. மிஞ்சும். முதுகைச் சாய்த்தால் இன்னும் கிடைக்கும், ஆனால் தோள் பெல்ட் பிடிக்கும் குழாய் தோளுக்குக் கீழே போகாமல் இருக்கிறதா பாருங்கள். கீழே இழுத்தால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். அந்தக் குழாயின் உயரத்தையும் ஜிக்கில் இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

#19 அச்சாணி

இன்னொன்று, கியர் மாற்றும் கம்பி. வலது கை ஸ்டியரிங், வலது பக்கச் சட்டத்தின் மேல் கியர் லீவர் என்று அசல் போலப் போனால் கம்பி சட்டத்தை ஒட்டிப் பின்னால் போய், எஞ்சினைத் தாண்டி, பெட்டிக்குள் நுழைய வேண்டும். தலைகீழ் ஜி50-இல் தேர்ந்தெடுக்கும் திசையும் மாறியிருக்கும், நடுவில் திசை திருப்பும் நெம்பு ஒன்று தேவைப்படும். யூனிவர்சல் ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தளர்வு, மூன்று சேர்ந்தால் லீவர் முனையில் 20 மி.மீ. ஆட்டம். ஊசி பேரிங் உள்ள ஜாயின்ட் வாங்குங்கள், கம்பியை இரண்டு இடத்தில் தாங்குங்கள். அல்லது கேபிள் இரண்டு போட்டுவிடுங்கள், எக்ஸாஸ்ட்டிலிருந்து 100 மி.மீ. தள்ளி, வளைவு அரைவிட்டம் 200-க்குக் குறையாமல். சாலைக்குக் கேபிள் நல்லது என்பது என் எண்ணம்.

ஜி50 கைக்கு வந்ததும் பெல்ஹவுசிங் முகத்திலிருந்து டிரைவ் ஃபிளாஞ்ச் மையம் வரை அளந்து, அந்த எண்ணை இங்கே போடுங்கள். தடுப்புத் தகடு எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு குழாய் வெட்டலாம்.